நறுமணச் சுதந்திர வளாகம்

நம்மிடையே ஓர் இனம் நடமாடுகிறது. அதற்குப் பெயர் 'எனக்கொண்ணும் தெரியலையே' இனம். அதைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டாம், புதரில் ஒளிந்துகொண்டு காத்திருக்க வேண்டாம். உங்களுக்கு எது தொந்தரவோ அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள், தானாக வந்து எதிரே நிற்கும். பஸ்ஸின் குளிரில் உங்கள் பல் தந்தியடிக்கும்போது, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டபடி "குளிருதா? எனக்கொண்ணும் தெரியலையே" என்பவர் அவர். பக்கத்து வீட்டுக் குப்பை எரிகிற புகையில் நீங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க, அந்தப் புகைக்குள்ளிருந்தே அதே வாக்கியத்தோடு வெளிப்படுபவரும் அவர்தான்.

கவனியுங்கள், அவர் உங்களைப் பொய்யர் என்று சொல்லவில்லை. தன் உடம்பை மீட்டர்போல நீட்டிக் காட்டுகிறார். முள் அசையவில்லை. ஆகவே உலகத்தில் அப்படி ஒன்று நடக்கவில்லை. வழக்கு முடிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

புக்கிட் ரோத்தானுக்கும் அசாம் ஜாவாவுக்கும் நடுவிலே ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீஸில் இந்த இனத்தின் முதல் தரமான மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் லியோனார்ட், வயது ஐம்பத்தாறு, பதவி பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. அந்தப் பதவிக்குக் கம்பெனி இப்போது ஏதோ நீளமான பெயர் வைத்திருக்கிறது. தோட்டம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

லியோனார்ட்டின் ஆபீஸ் மணக்கும். சும்மா அல்ல, முறை வைத்து மணக்கும். வாசலுக்கு நேரே சுவரில் ஒரு வெள்ளை டப்பா, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை 'புஸ்' என்று பெருமூச்சு விடும். அதற்குக் கீழே ஜெல்லி நிரப்பிய ஒரு கிண்ணம், எலுமிச்சை. ஏர்கண்டிஷன் வாயில் காருக்குள் தொங்கவேண்டிய ஓர் அட்டை, ஆரஞ்சு. தரை துடைக்க லாவெண்டர், கழிவறையில் அந்துருண்டை, போட்டோகாப்பி இயந்திரத்தின் மேல் ஏனென்று யாருக்கும் தெரியாத ஒரு ரோஜாப் பொட்டலம். இவை போதாவென்று காலை எட்டுக்கு லியோனார்ட்டே உள்ளே வருவார், கழுத்தில் மூன்று விசிறல், இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொன்று, கைக்குட்டையில் ஒன்று அவசரத்துக்கு. ஜன்னல்களுக்கு ஆணி அடித்தாயிற்று. செம்பனை எண்ணெய் மில்லுப் பக்கத்து வாடை உள்ளே வந்துவிடக்கூடாதே!

அந்த ஆபீஸில்தான் லோகேஸ்வரி இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். தோட்டத்தின் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குப் பெர்மிட் புதுப்பிக்கிற வேலை. முந்நூறு பாஸ்போர்ட்டும் அவள் தலைக்குள் இருக்கிறது என்பார்கள். சுவர் டப்பா 'புஸ்' என்றால் அந்தத் தலை வலிக்கத் தொடங்கும். இரண்டாவது புஸ்ஸுக்குத் தொண்டை அடைக்கும். நான்காவதுக்கு அவள் பையைத் திறந்து இன்ஹேலரை எடுப்பாள். கோலசிலாங்கூர் டாக்டர் தெளிவாகவே எழுதிக் கொடுத்திருந்தார்: செயற்கை வாசனைகள் இவருக்கு ஒத்துக்கொள்ளாது, வேலையிடத்தில் தவிர்க்கவும்.

லியோனார்ட் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். மூக்கை உயர்த்தி அறை முழுக்க ஒரு சுற்று இழுத்துப் பார்த்தார்.

"எனக்கொண்ணும் தெரியலையேம்மா" என்றார்.

அதன் பிறகு நியாயம் பேசினார். இந்த இனம் நியாயம் பேசாமல் விடாது. நம்முடைய அம்மாக்கள் எல்லாம் மருந்து டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, நாள் முழுக்கக் களைக்கு மருந்தடித்தவர்கள், அந்த ரத்தத்தில் வந்த நாம் லாவெண்டருக்குப் பயப்படுவதா என்று கேட்டார். கேட்பதற்குக் கம்பீரமாகத்தான் இருந்தது. அவருடைய அம்மாவும் மருந்தடித்தவர்தான். கடைசிப் பதினோரு வருடம் அந்த அம்மா தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கியதை மட்டும் அவர் அந்தப் பேச்சில் சேர்ப்பதில்லை.

லோகேஸ்வரியின் எம்சி சீட்டுகள், டாக்டர் தரும் விடுப்புச் சீட்டுகள், சேர்ந்தன. மேனேஜர் திவாகரன் நல்ல மனிதர், அதாவது முடிவு எடுக்காதவர். விஷயத்தை அப்படியே தலைமையகத்துக்குத் தள்ளிவிட்டார். தலைமையகம் யோசித்து ஓர் அறிவிப்புப் பலகை அனுப்பியது. நீலத்தில் வெள்ளை எழுத்து, மலாய் மொழியில் மூன்றே சொல்: ஸோன் பெபாஸ் வாஙியான். இதைத் தமிழிலும் எழுதிப் பக்கத்தில் மாட்டவும் என்று ஒரு குறிப்பு. தமிழ் எழுதுகிற பொறுப்பு யாருக்கு? பெரிய கிராணிக்கு.

லியோனார்ட் பலகையை மேசையில் கிடத்தி ஆராய்ந்தார். ஸோன் என்றால் வட்டாரம், வளாகம். வாஙியான் என்றால் வாசனைப் பொருள்கள், அதில் அவருக்குப் பாடம் எடுக்க ஆள் கிடையாது. பெபாஸ்? பெபாஸ் என்றால் விடுதலை. கூண்டைத் திறந்துவிட்டால் பறவை பெபாஸ். ஆக, தலைமையகம் கடைசியில் தன் பக்கம் வந்துவிட்டது. நெஞ்சு நிறைந்துபோய், மார்க்கர் பேனாவால், பள்ளியில் பரிசு வாங்கிய கையெழுத்தில் எழுதினார்: நறுமணச் சுதந்திர வளாகம்.

லோகேஸ்வரி அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, அது வாசனை இல்லாத இடம்னு அர்த்தம்."

"பெபாஸ்னா சுதந்திரம்மா."

"கடையில போட்டிருக்கிற பெபாஸ் சுக்காய்னா? வரி இல்லாததுதானே? அந்தக் கடையில சாக்லெட் வாங்குறப்போ மட்டும் உங்களுக்கு அர்த்தம் சரியா புரியுதே?"

அது வேறு பெபாஸ் என்று சொல்லிவிட்டார் லியோனார்ட்.

சுதந்திரம் கிடைத்தால் மக்கள் சும்மா இருப்பார்களா? ஸ்டோர் கிராணி கலாவதி, இத்தனை நாள் ஆபீஸ் வாசலோடு நிறுத்தியிருந்த வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை உள்ளே கொண்டுவந்து ஒவ்வொரு பைல் அலமாரிக்கும் காட்டினாள். லோரி கணக்கெடுக்கும் பவனேஷ் தன் காருக்கு வாங்கிய காப்பி வாசனைப் புட்டியை மேசையில் திறந்து வைத்து, சட்டப்படிதான் செய்கிறேன் என்று பலகையைக் காட்டினான். துப்புரவு அக்கா லாவெண்டரை மூடியால் அளப்பதை விட்டுவிட்டுக் கவிழ்த்தாள். ஜன்னலில் ஆணி. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு புஸ். அந்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு லோகேஸ்வரி நாற்காலியிலிருந்து எழுந்தவள், கதவுவரை போய்ச் சேரவில்லை.

மேனேஜரின் காரிலேயே கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். அவள் உதடு சாம்பல் நிறமாக இருந்ததைப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த லியோனார்ட் பார்த்தார். பார்த்ததால்தான் பயந்தார். ஆனால் மறுநாள் அவரே எல்லோரிடமும், காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள்லா, இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் என்றார். பயத்தை ஆலோசனையாக மாற்றிவிடுவது இவ்வினத்தின் இன்னொரு திறமை.

தலைமையகமும் பயந்துபோய்க் கடிதம் போட்டது. பலகை மாட்டிய பிறகும் இப்படி ஆகியிருப்பதால், இந்த ஆபீஸ் லோகேஸ்வரிக்கு ஏற்றதல்ல. வரும் ஒன்றாம் தேதி முதல் சபாக் பிரிவுக்கு மாற்றப்படுகிறார். சபாக்கில் காற்று நல்லதா என்று யாரும் விசாரிக்கவில்லை. தூரம் நல்லதாக இருந்தது. லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. புருஷன் கிள்ளான் தொழிற்சாலையில் ஷிப்டு, மகள் புக்கிட் ரோத்தானில் இரண்டாம் வகுப்பு. மாற்றம் என்று எழுதியிருந்ததை லோகேஸ்வரி சரியாகவே படித்தாள்: வேலையை விட்டுப் போ.

மூன்று நாள் எம்சி முடிந்து, வேலையை ஒப்படைக்க வந்தாள். முகத்தில் இரண்டு முகக்கவசம். பாஸ்போர்ட்டுகளை நாடு வாரியாகக் கட்டி, லியோனார்ட்டின் மேசையில் அடுக்கினாள். மதியமானது. லியோனார்ட் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். மனைவி கான்ஸ்டன்ஸ் வைத்த கெம்போங் மீன் குழம்பு. வழக்கப்படி மூடியைத் தூக்கி, கண்ணை மூடி, ஆழமாக ஓர் இழுப்பு இழுத்து, "ஆகா, என்ன மணம்" என்றார்.

நான்கு மேசை தள்ளி, இரண்டு கவசத்துக்குப் பின்னால், லோகேஸ்வரி நிமிர்ந்தாள். அந்தக் குழம்பு இன்றைக்கு வைத்ததல்ல. நேற்றைக்கு வைத்து, ஒரு பகலும் ஓர் இரவும் கார் சீட்டில் கிடந்த குழம்பு. டப்பா மாறிவிட்டது. பவனேஷ் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியேவிட்டான்.

"அண்ணே, வாயில வைக்காதீங்க. கெட்டுப்போச்சு."

லியோனார்ட் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்கொண்ணும் தெரியலையே" என்றார்.

அவள் எழுந்து வந்தாள். கவசத்தை இறக்கினாள். அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நிஜமாவே தெரியலையா?"

அந்த வாக்கியத்தை அவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஒருவர்கூட அதை அப்படியே நம்பி, திருப்பிக் கேட்டதில்லை. பிசைந்த கை சோற்றிலேயே நின்றது.

"கோவிட் வந்து போனதில இருந்து" என்றார். "கான்ஸ்டன்ஸுக்குக்கூட தெரியாது."

அதற்கு மேல் எல்லாம் தாழ்ந்த குரலில், துண்டு துண்டாக வந்தது. மூக்கு போனது பெரிதில்லையாம். மாதா கோயிலில் ஒரு ஞாயிறு, பக்கத்தில் உட்கார வந்த குடும்பம் இவரைப் பார்த்ததும் பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்தது. ஒரு மீட்டர் தள்ளி உட்காருங்கள் என்று பெஞ்சிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருந்த காலம் அது. ஸ்டிக்கரின் மேலேயே உட்கார்ந்திருந்த லியோனார்ட்டுக்கு அது கண்ணில் படவில்லை. தன்மேல் ஏதோ வீசுகிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்று முடிவுகட்டிவிட்டார். அன்று மாலை முதல் புட்டி வாங்கினார். முதல் புட்டி வேலை செய்கிறதா என்று தெரியாததால் இரண்டாவது. தன் சட்டையைச் சந்தேகித்தவர் பிறகு தன் நாற்காலியைச் சந்தேகித்தார், அறையைச் சந்தேகித்தார், போட்டோகாப்பி இயந்திரத்தைச் சந்தேகித்தார்.

ரோஜாப் பொட்டலத்தின் மர்மம் இப்படித் துலங்கியது.

லோகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் இருமலாகிவிட்டது. அடங்கியதும் கேட்டாள்: "ஏண்ணே, உங்க மேல வீசுதான்னு யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"எப்படிம்மா கேக்குறது?"

"நான் கேட்டேனே. நிறுத்துங்கன்னு ரெண்டு வருசமா கேட்டேன். வெக்கமாத்தான் இருந்துச்சு."

லியோனார்ட் கை கழுவிவிட்டு வந்தார். நாற்காலி போட்டு ஏறிச் சுவர் டப்பாவைப் பிடுங்கினார். அது போகிற போக்கில் அவர் கண்ணிலேயே ஒரு கடைசிப் புஸ் அடித்துவிட்டுப் போனது. கிண்ணம், அட்டை, பொட்டலம் எல்லாம் குப்பைப் பைக்குள் போயின. ஜன்னல் ஆணிகளைச் சுத்தியலின் பின்பக்கத்தால் நெம்பினார். மில்லுப் பக்கத்துக் காற்று, ஆவியும் எண்ணெயும் கலந்து, கனமாக உள்ளே வந்தது. பயந்துபோய் அவளைத் திரும்பிப் பார்த்தார். "இது என்னை ஒண்ணும் பண்ணாது, இதுல பொறந்தவ நான்" என்றாள். அவரும் தனக்கொன்றும் தெரியவில்லை என்றார். முதல் தடவையாக அந்த வாக்கியத்தால் ஒருவருக்கும் சேதமில்லை.

பிறகு உட்கார்ந்து தலைமையகத்துக்கு எழுதினார். டாக்டர் கடிதம் வந்த தேதி, தான் ஒன்றும் செய்யாத தேதிகள், பலகையைத் தவறாக எழுதியது தான்தான் என்பது, எல்லாவற்றையும். மேனேஜர் படித்துவிட்டு, இதில் உங்கள் பெயர் அதிகம் வருகிறதே என்று கவலைப்பட்டார். வரட்டும் என்றார் லியோனார்ட். ஆபீஸின் புதிய நிலைமையை விவரிக்கும் வரியில் பெபாஸ் என்ற சொல்லை அவர் நம்பவில்லை, டன்பா என்று போட்டார். டன்பா என்றால் இல்லாமல். அதற்குள் புகுந்து யாரும் சுதந்திரம் தேட முடியாது. தமிழ்ப் பலகையிலும் பழைய எழுத்தை அழித்து, அதே பரிசுக் கையெழுத்தில் எழுதினார்: வாசனைக்கு இங்கே லீவு.

கடிதம் போய் எட்டாம் நாள் இரண்டு வரிப் பதில் வந்தது. மாற்றம் மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்தி வைக்கப்படுகிறது. பெரிய கிராணிக்குத் தனியாக ஒரு கண்டனம். அதை அவர் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். லோகேஸ்வரி பாஸ்போர்ட் கட்டுகளைத் திரும்பத் தன் மேசைக்குத் தூக்கிப் போனாள்.

லியோனார்ட் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? காரில் இன்னும் ஒரு புட்டி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை கலாவதி சாம்பிராணியோடு வந்தபோது, அவர் கையை விரித்து வாசலை மறித்தார். "ஏண்ணே, இந்தக் கொஞ்சூண்டு புகையா? எனக்கொண்ணும் தெரியலையே" என்றாள் அவள். லியோனார்ட்டுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. எப்படித்தான் இப்படியெல்லாம் மனிதர்கள் இருக்கிறார்களோ என்று அன்றைக்கு முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தார்.

இப்போது தினமும் காலை எட்டுக்கு அந்த ஆபீஸ் வாசலில் ஒரு சடங்கு நடக்கிறது. லியோனார்ட் குளித்து, துவைத்த சட்டை போட்டு, வேறெதுவும் போடாமல், வாசற்படியில் வந்து நிற்பார். லோகேஸ்வரி தலையைத் தூக்குவாள், ஒரு மூச்சு இழுப்பாள்.

"ஒண்ணும் வரலண்ணே."

அவ்வளவுதான். பதக்கம் வாங்கியவர் மாதிரி உள்ளே வருவார்.

உங்களுக்கு அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள், சும்மா ஒரு கேள்வி. லிப்டில் நீங்கள் ஏறியதும் இரண்டாம் மாடிக்காரர் முதல் மாடியிலேயே இறங்கிக்கொள்கிறாரே, அவர் நடைப்பயிற்சிக்காகத்தான் இறங்கியிருப்பார். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாரே, வெளியே மழை வருகிறதா என்று பார்க்கத்தான் திறந்திருப்பார்.

என்னது, யாரும் ஜன்னலைத் திறக்கவில்லையா? உங்களுக்கொன்றும் தெரியவில்லையா?