புருஷோத்தமனாரின் பொன்னான நேரம்

நேரத்தின் அருமை அறிந்தவர்கள் உலகில் இருவரே. ஒருவர் சூரியன். மற்றவர் ஒரகடம் அருகே ஒரு பொறியியல் கல்லூரியை அலங்கரிக்கும் பேராசிரியர் முனைவர் புருஷோத்தமன். சூரியனுக்காவது சாயங்காலம் ஓய்வு உண்டு.

தொழிற்சாலையில் எந்தக் கை எத்தனை நொடி சும்மா இருக்கிறது என்று அளப்பது அன்னாரின் துறை. சுற்றுவட்டாரத்து டீ இடைவேளை பத்து நிமிடத்திலிருந்து ஏழாகக் குறைந்தது அவருடைய பரிந்துரையால்தான். தொழிலாளர்கள் இன்றும் அவரை நினைத்தபடியே நாக்கைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

டிசம்பர் முப்பதாம் தேதி அவர் புத்தாண்டு டைரியை நிரப்பிக்கொண்டிருந்தார். ஜனவரியில் நான்கு கருத்தரங்குகள். பிப்ரவரியில் தரச்சான்றுக் குழு வருகை. மார்ச்சில் அக்குழுவுக்குப் போர்த்திய பொன்னாடைகள் பற்றிய அறிக்கை. ஜூனில் ஒரு வகுப்பு இருந்தது. அன்று வேறொரு கல்லூரியில் ‘வகுப்பறையின் இன்றியமையாமை’ குறித்துப் பேசவிருந்ததால் அதை அடித்துவிட்டார்.

எதிரே முத்துச்செல்வி நின்றாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கி, ஷிப்டு பார்த்துக்கொண்டே ஏழாண்டாக அவரிடம் ஆராய்ச்சி செய்கிறாள். ஆய்வேட்டில் அவர் கையெழுத்து நாளைக்குள் விழாவிட்டால் பதிவு ரத்து. ஏழாண்டும் ஆற்றில் கரைத்த புளி.

“சார், முழு ஏடும் பதினோரு மாசமா உங்க மேசையிலதான் கெடக்கு. ஒருக்கா வாசிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டீங்கன்னா...”

“வாசிக்க எங்கம்மா நேரம்? அஞ்சாம் தேதி டெல்லில சிறப்புரை. இன்னா பேசறதுன்னே இன்னும் முடிவு பண்ணல.”

“இதையே பேசுங்க சார். பணியிடத்துல வீணாகுற நேரம் பத்தித்தான் எழுதியிருக்கேன். திரையில போடுறதுக்கும் தயார் பண்ணித் தாரேன்.”

பேராசிரியர் முகம் மலர்ந்தது. “என் பேரு போட்டுகிறியா?”

“பக்கத்துக்குப் பக்கம் உங்க பேருதான் சார்.”

உடனே கையெழுத்து விழுந்தது. நான்கு நொடி. முத்துச்செல்வி ஏட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, அன்று மாலையே பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டாள்.

டெல்லியில் நானூறு அறிஞர்கள் முன்னிலையில் பேராசிரியர் அந்த ஆய்வை முதன்முறையாக வாசித்தார். கணீரென்ற குரலில், ஏற்ற இறக்கத்தோடு.

“ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பணியிடம்: பேராசிரியர் புருஷோத்தமனின் மேசை. முதல் அத்தியாயம் அங்கே சும்மா கிடந்தது பதினான்கு மாதம். அதில் அவர் வாசித்த நேரம் பூஜ்யம். இரண்டாம் அத்தியாயம்...”

அங்கேதான் அவருக்கு விஷயம் உறைத்தது. ஆனாலும் மேடையை விட்டு இறங்க முடியவில்லை. அவருக்கு ஒதுக்கிய நேரத்தில் இன்னும் முப்பத்தேழு நிமிடம் பாக்கி இருந்தது. நேரத்தை வீணாக்குவதுதான் அவருக்கு ஆகாதே. குற்றவாளியே முழுக் குற்றப்பத்திரிகையையும் வாசித்து முடித்தார்.