கோல்கீப்பர் கையுறையை ஏன் எறிந்தார்? (2 மதிப்பெண்)

புத்தகம் என்று ஒன்று இருந்தால் அதன் முடிவில் பரீட்சை என்று ஒன்று இருக்கும். இருபத்தாறு வயது வரை எனக்கு இதில் சந்தேகமே வந்ததில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். எனக்கு முன்னால் யாராவது போயிருந்தால், "சும்மாவும் படிப்பாங்கடா தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்திருப்பார்கள். யாரும் போகவில்லை, யாரும் சொல்லவில்லை. ஆகவே நடந்தது எல்லாவற்றுக்கும் நான் மட்டுமே பொறுப்பல்ல என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அடுகோடியில் நண்பன் சதீஷோடு ஓர் அறை. கம்பெனி வண்டியில் தினமும் பக்கத்து சீட்டில் வந்தவள் நித்யா. வண்டி நகராமல் நின்ற நேரங்களிலேயே எங்கள் காதல் முழுமை அடைந்துவிட்டது. (பெங்களூர் டிராஃபிக்கை எல்லாரும் திட்டுகிறார்கள். நான் திட்டுவதில்லை.)

நித்யாவின் குடும்பம் மூன்று தலைமுறையாக ஆஸ்டின் டவுனில் இருக்கும் தமிழ்க் குடும்பம். அப்பா ராஜகோபால் சார் மாநில அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சரி என்றால் கல்யாணம். இல்லையென்றால் என்ன என்று கேட்டதற்கு நித்யா, "பாக்கலாம்" என்றாள். ஆபீசில் அவள் "பாக்கலாம்" என்று சொன்ன எந்த வேலையும் நடந்து நான் பார்த்ததில்லை.

அவர் என்னை வீட்டுக்குப் பெண் கேட்க வரச் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை நம்ம வாசகர் வட்டத்துக்கு வரச் சொல்லு. ஆளு எப்படின்னு பாப்போம்" என்றாராம்.

வாசகர் வட்டம் அவர் வீட்டு மாடியில் கூடும். அக்கம்பக்கத்தில் ஓய்வு பெற்றவர்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். கோடை விடுமுறையில் பிள்ளைகளைப் புத்தகம் படி என்கிறோமே, பெரியவர்கள் படிக்க வேண்டாமா என்று சார்தான் ஆரம்பித்தார். ஒவ்வொரு கோடைக்கும் ஒரு பொருள். அந்த வருடம் விளையாட்டு. 'பெரியவர்கள் கோடையில் படிக்க வேண்டிய விளையாட்டுப் புத்தகங்கள்' என்று வாட்ஸப்பில் அவரே பரிந்துரைத்திருந்தார். மலையேறிய ஒருவரின் கதை, பெண்கள் ஹாக்கி அணி ஒன்றின் கதை, செஸ் ஆடியே சொத்தை இழந்தவரின் கதை, இப்படி. வாரம் ஒரு புத்தகம்; ஒருவர் பொறுப்பு.

எனக்கு ஃபோன் வந்தது.

"ஃபுட்பால் தெரியுமாப்பா?"

"தெரியும் சார்."

(ஃபுட்பாலிலேயே ஊறிய ஆஸ்டின் டவுன்காரரிடம் ஃபுட்பால் தெரியாது என்பதைவிட, ஜெயிலுக்குப் போய் வந்திருக்கிறேன் என்று சொல்லலாம். எங்கள் ஊர்ப் பள்ளியிலும் ஒரு பந்து இருந்தது. ஹெட்மாஸ்டர் அறை பீரோவில், காற்றில்லாமல்.)

"அப்ப இந்த வாரம் கோல்கீப்பர் புக்கு உங்க பொறுப்பு. எல்லார்கிட்டயும் காப்பி இருக்கு. படிச்சிட்டு வந்துருவாங்க."

அது ஒரு கோல்கீப்பர் தன் வாழ்க்கையைத் தானே எழுதிய புத்தகம். நித்யாவிடம், "போர்ஷன் எதுவரைக்கும்?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். என் நகைச்சுவை உணர்வைப் பற்றி அவளுக்கு அன்றைக்குத்தான் நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டதாம்.

காலையில் எழுந்து மொட்டை மாடியில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்தேன். சதீஷ் பல் தேய்த்தபடி வந்தான்.

"என்ன எக்ஸாம் மச்சி? பேங்க்கா?"

"கோல்கீப்பர்."

"அதுக்கும் எக்ஸாம் வெச்சுட்டாங்களா" என்று வருத்தப்பட்டுவிட்டு வாய் கொப்பளிக்கப் போனான்.

சனிக்கிழமை கேள்வித்தாள் தயாரானது. ஒரு வார்த்தையில் விடை, பொருத்துக, கோடிட்ட இடம், குறுவினா, கடைசியில் ஒரு நெடுவினா. மொத்தம் இருபத்தைந்து மதிப்பெண். ஒன்பது எடுத்தால் பாஸ். அடுகோடி ஜெராக்ஸ் கடைக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, "எந்த ஸ்கூல் சார்?" என்றார்.

"ஸ்கூல் இல்லீங்க. பெரியவங்களுக்கு."

"முதியோர் கல்வியா? நல்ல காரியம் சார்" என்று சில்லறையைக்கூட இரண்டு கையாலும் கொடுத்தார்.

ஞாயிறு காலை மாடிக்குப் போனேன். வட்டமாக நாற்காலிகள். ஓரமாக மேஜையில் காப்பியும் மத்தூர் வடையும். ராஜகோபால் சார் என்னை எல்லாருக்கும் அறிமுகம் செய்தார். நான் வணக்கம் சொல்லி, "எல்லாரும் கொஞ்சம் தள்ளித் தள்ளி உக்காந்துக்கோங்க" என்றேன். பிறகு தாள்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே போனேன்.

பக்கத்து வீட்டு சரோஜா ஆன்ட்டி, "ஐ, க்விஸ்ஸா?" என்றார்.

"இல்ல மேடம். பரீட்சை."

"எனக்குத் தமிழ் பேசத்தான்ப்பா வரும். எழுதினா கன்னடம்தான்."

கொஞ்சம் யோசித்துவிட்டு அனுமதி கொடுத்தேன். கன்னட விடைத்தாளை நித்யா படித்துச் சொல்லலாம்.

அவர்கள் எழுதினார்கள் என்று சொல்ல முடியாது. பேனாவைப் பிடித்திருந்தார்கள். அந்த வட்டத்தில் யாரும் எந்தக் கோடையிலும் எந்தப் புத்தகத்தையும் படித்ததில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. யார் பொறுப்பாக இருந்தாலும், பின்னட்டையில் உள்ளதை ராஜகோபால் சார் அரைமணி நேரம் விரித்துப் பேசுவார். மற்றவர்கள் "அருமையான பார்வை" என்பார்கள். வடை வரும். ஒரு குறையுமில்லாமல் நடந்து வந்த வட்டம். அதற்கு நடுவில் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தேன். சரோஜா ஆன்ட்டி பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தார். கண்டிக்கலாம் என்று போனேன். அந்தத் தாளில் பார்க்க எதுவும் இல்லாததால் விட்டுவிட்டேன்.

மாடிப்படியில் நின்றிருந்த நித்யா கையைக் கையை ஆட்டினாள். நேரம் கேட்கிறாள் என்று நினைத்து, "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்று எல்லாருக்கும் அறிவித்தேன்.

அங்கேயே திருத்தினேன். (சிவப்புப் பேனா கொண்டு போயிருந்தேன்.) எங்கள் பள்ளியில் அதிக மதிப்பெண்ணில் தொடங்கிப் பேர் சொல்லித் தாள் கொடுப்பது வழக்கம். அப்படியே கொடுத்தேன். முதலிடம், பொருத்துகவில் குருட்டாம்போக்கில் கோடு போட்ட சரோஜா ஆன்ட்டி. சார் தாளை மட்டும் மரியாதைக்காகக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

"சார், உங்களுக்கு எட்டு. ஒரு மார்க்ல போச்சு. கிரேஸ் மார்க் போடலாமான்னு பாத்தேன். உங்களுக்கு மட்டும் போட்டா மத்தவங்க தப்பா நினைப்பாங்க."

வடைத் தட்டோடு வந்த நித்யாவின் அம்மா மங்களம் அப்படியே நின்றார். "ஹௌதா, அப்படியா? அப்ப இத்தனை வருஷமா படிக்கறேன் படிக்கறேன்னு மாடிக்கு வந்து என்ன பண்ணீங்க?"

ராஜகோபால் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார். "காப்பி சாப்ட்டுட்டுக் கெளம்புங்க தம்பி" என்றார். காப்பி சாப்பிட்டேன். அதைச் சாப்பிடாமல் கிளம்பியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

வாசலில் நித்யா கேட்டாள். "நீ என்னைக் கட்டிக்க வந்தியா, எங்கப்பாவை டியூஷன் சேக்க வந்தியா?"

அந்த வாரம் முழுக்க அவள் வண்டியில் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். டிராஃபிக் வழக்கம்போலத்தான் இருந்தது, எனக்குத்தான் பயனில்லை. வெள்ளிக்கிழமை இறங்கும்போது ஒரே ஒரு செய்தி சொன்னாள். "அப்பா அந்த புக்கைப் படிக்கறார். சாப்பிடறப்பகூட. பென்சில் வெச்சுக்கிட்டு. நாளன்னிக்கு உன்னை வரச் சொன்னார்."

போனேன். இந்தத் தடவை மாடி இல்லை, கூடம். சார் முன்னால் புத்தகம், விடைத்தாள், மடித்த காகிதம் ஒன்று. காகிதத்தை என்னிடம் நீட்டினார். அனுப்புநர், பெறுநர் எல்லாம் முறைப்படி இருந்தது. பொருள்: மறுமதிப்பீடு கோருதல்.

"பதினாலாவது கேள்வி. கோல்கீப்பர் கிளவுஸை ஏன் ஆத்துல எறிஞ்சார்? நான் என்ன எழுதியிருக்கேன்?"

"'பொண்டாட்டி சொல்லியிருப்பாள்'னு எழுதியிருக்கீங்க சார்."

"நீங்க என்ன போட்டீங்க?"

"சைபர். தோத்துப்போன அவமானத்துல எறிஞ்சார் சார். ஏழாவது அத்தியாயத்துல தெளிவா இருக்கு."

"கடைசி அத்தியாயத்துல என்ன இருக்கு?"

அவரே பிரித்துப் படித்தார். அவமானம் கிவமானம் எல்லாம் பத்திரிகைக்காரர்களுக்காகச் சொன்னது என்று கோல்கீப்பர் அங்கே ஒப்புக்கொள்கிறார். இதுதான் கடைசி மேட்ச் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். அவள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"நான் படிக்காமலே எழுதினேன். அனுபவம்" என்றார் சார். "நீங்க படிச்சவரு. உங்களுக்கு எப்படித் தெரியாம போச்சு?"

"கடைசி அத்தியாயத்தைச் சாய்ஸ்ல விட்டுட்டேன் சார்."

(கடைசிப் பாடத்தில் இருந்து பெரும்பாலும் கேள்வி வராது, வந்தாலும் வேறு கேள்வியை எழுதிக்கொள்ளலாம் என்று படிக்காமல் விடுவது. பத்தாம் வகுப்பில் இருந்து வரும் பழக்கம். கேள்வித்தாளைத் தயாரிப்பதே நான்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.)

சமையலறையில் மங்களம் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. சார் சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். இரண்டு மதிப்பெண் போட்டேன். எட்டை அடித்துப் பத்து ஆக்கினேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்து வேண்டும் என்றார். போட்டேன்.

"பாஸா?"

"பாஸ் சார்."

"மங்களம், பாஸ்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "நான் படிக்கலைங்கறது உனக்குத் தெரியும். நீ முழுசாப் படிக்கலைங்கறது எனக்குத் தெரியும். இது ரெண்டும் குடும்பத்துக்குள்ளயே இருக்கறதுதான் நல்லது. உங்க அப்பா அம்மாவை எப்ப கூட்டிட்டு வர்ற?"

அப்படித்தான் எங்கள் கல்யாணம் நிச்சயமானது. ரகசியம் மட்டும் குடும்பத்துக்குள் நிற்கவில்லை. மங்களம் அம்மா சரோஜா ஆன்ட்டியிடம் சொன்னார். பிறகு யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டில் எதையாவது கடைசி நேரத்தில் அரைகுறையாக விட்டால் அதற்கு என் பெயர்தான். நித்யா துணியைக் காயப்போட்டு இரண்டு சட்டையை வாளியில் விட்டால், "ஏன்டி முருகேசன் பண்ற?" படம் முடிவதற்குள் மாமனார் தூங்கிவிட்டால், "முருகேசன் பண்ணிட்டார்." 

போன மாதம் வாணியம்பாடியில் இருந்து என் அப்பா வந்திருந்தார். இலையில் கொஞ்சம் சோறு மிச்சம் வைத்துவிட்டு எழப் போனார். மாமனார் அவர் கையைப் பிடித்து, "சம்பந்தி, முருகேசன் பண்ணாதீங்க" என்றார். கூடமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், உட்கார்ந்து மிச்சத்தையும் சாப்பிட்டார். விஷயம் என்ன என்று என்னிடம் கேட்கவில்லை.

ஊருக்குப் போய், "அவ்ளோ படிச்ச குடும்பம், எதுக்கெடுத்தாலும் நம்ம பையன் பேரைத்தான் சொல்றாங்க" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். நான் மறுக்கவில்லை.