ஏழாம் ஜன்னலுக்கு ஓய்வு

எங்கள் நகராட்சியின் ஏழாம் ஜன்னலில் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களை வழங்கிவந்த கேப்டன் காலமானார். அன்னாருக்குத் தக்க மரியாதை செய்வது குறித்து ஆலோசிக்க ஆணையர் தலைமையில் குழு கூடியது. பொதுமக்கள் சார்பில் என்னையும் அழைத்திருந்தார்கள். இருபது வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவனிடம் ஏதாவது யோசனை இருக்கும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. எனக்கும் இருந்தது.

கேப்டன் என்பது கல்லூரிக் கால்பந்து அணியில் ஒட்டிக்கொண்ட பெயர். ஏழாம் எண் சட்டை. பந்து காலுக்கு வந்ததும் அடுத்தவனுக்குத் தள்ளிவிடுவார்; கோல் போட்டவன் பெயர் வாங்கிக்கொள்வான். அரசு வேலைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஃபைல் அவர் மேஜையில் தங்காது. "நாளைக்கு வாங்க" என்று யாரிடமும் சொன்னதில்லை. இதனால் சக ஊழியர்கள் சிலருக்கு மனவருத்தம்கூட உண்டு.

நானும் அதே அணியில்தான் இருந்தேன். பெஞ்சில்.

"சிலை வைக்கலாம் சார்," என்றார் மேலாளர்.

"உட்கார்ந்திருக்கிற மாதிரியா, உதைக்கிற மாதிரியா?" என்றார் ஆணையர்.

"உட்கார்ந்துகிட்டே உதைக்கிற மாதிரி."

"வர்ற ஜனங்களைப் பார்த்தா? தப்பா எடுத்துக்குவாங்கய்யா."

அப்போதுதான் நான் தொண்டையைச் செருமினேன். "வெளிநாட்டுல பெரிய ஆட்டக்காரர் போயிட்டா, அவர் எண்ணுக்கே ஓய்வு கொடுத்துடுவாங்க. அந்தச் சட்டையை வேற யாரும் போடக் கூடாது."

ஆணையருக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு குறைந்த செலவில் ஒரு யோசனையை அவர் கேட்டதே இல்லை.

ஏழாம் ஜன்னலுக்கு ஓய்வளிக்கப்பட்டது. கண்ணாடிக்குப் பின்னால் கேப்டன் சிரிக்கும் படம். நாற்காலியின் முதுகில் பழைய சட்டை. 'இவ்விருக்கையில் இனி எவரும் அமரலாகாது' என்று பித்தளைப் பலகை. ஊரே திரண்டு கை தட்டியது. நான் இரண்டு மொழிகளில் உரையாற்றினேன்.

மறுவாரம் கேப்டனின் மகள் என் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, அப்பா வேலையை எனக்குத் தர்றாங்களாம்."

"ரொம்ப சந்தோஷம்மா."

"அதுக்கு அப்பாவோட இறப்புச் சான்றிதழ் வேணுமாம்."

"போய் வாங்கிட வேண்டியதுதானே?"

"ஏழாம் ஜன்னல்ல," என்றாள்.

அவளை அழைத்துக்கொண்டு ஆணையரிடம் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார்.

"சான்றிதழ் தரணும்னா ஏழாம் ஜன்னல்ல ஆள் வேணும். பலகையை மீறி ஆள் போடணும்னா வாரிசுன்னு இந்தப் பொண்ணைத்தான் போடணும். இந்தப் பொண்ணைப் போடணும்னா சான்றிதழ் வேணும்." கண்ணைத் திறந்தார். "எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. எங்கயும் ஓட்டையே இல்லை."

"ஆறாம் ஜன்னல்ல கொடுக்கலாமே சார்?"

"அது கேப்டனுக்கு அவமரியாதை. யோசனை சொன்ன நீங்களே இப்படிக் கேட்கலாமா?"

"அப்ப என் வேலை?" என்றாள் மகள். "அதை நம்பித்தான் சார் அம்மாவும் நானும் இருக்கோம்."

மேலாளர் பணிவாகக் குறுக்கிட்டார். "அது இருக்கட்டும்மா. சான்றிதழ் இல்லாததால உங்க அப்பா இன்னும் பணியிலதான் இருக்கார். முன்அனுமதி பெறாம வராம இருக்கார். விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கோம். வந்தா தயவுசெஞ்சு திருப்பி அனுப்பிடாதீங்க."

வெளியே வந்தோம். ஏழாம் ஜன்னல் முன்னால் நீண்ட வரிசை.

"மூடியிருக்கே, ஏன் நிக்கறீங்க?" என்று கடைசியில் நின்றவரைக் கேட்டேன்.

"திறந்திருக்கிற ஜன்னல்லயும் வேலை நடக்கலை சார். இங்க சிரிச்ச முகமாவது இருக்கு."

மகள் கண்ணாடி வழியாக அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நீங்க அப்பாகூட ஆடினவராமே?"

"அணியில இருந்தேன்மா."

"ஒரு ஆட்டத்துலயாவது உள்ளே இறங்கினீங்களா?"

"இல்லை. உங்கப்பா இறக்கவே இல்லை."

"அப்பாவுக்கு ஆளைத் தெரிஞ்சிருக்கு," என்றவள், வரிசையில் போய் நின்றாள்.

அவளுக்குப் பின்னால் நான் நின்றேன். சற்று நேரத்தில் எனக்குப் பின்னால் யாரோ வந்து நின்று, மெதுவாக இருமினார்கள். திரும்பிப் பார்த்தேன். மேலாளர். அவர் வீட்டில் பேத்தி பிறந்திருக்கிறாளாம்.