எல்லாருக்கும் பத்து ஓம்

"பத்து வரணும்மா! உங்களுக்கு மட்டும் எப்படிப் பதினஞ்சு வருது?"

தேர்வாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார். எதிரில் நின்றவள் மோட்டார் ரிப்பேர்க் கடையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற அம்மாள். நாற்பது வயது இருக்கும். வயர்மேன் லைசென்ஸுக்கான செய்முறைத் தேர்வில் அன்றைக்கு இருபத்து மூன்றாவது ஆள், கடைசி ஆள்.

வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. மேஜைமேல் ஒரு கறுப்புப் பெட்டி, அதற்குள் கம்பிச்சுருள். ஆறு வோல்ட் பேட்டரியை அதோடு சேர்த்து, எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று மீட்டரில் பார்க்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, பெருக்கினால் வாட். புள்ளி ஆறு ஆம்பியர், பத்து ஓம், மூன்று புள்ளி ஆறு வாட் என்று தேர்வாளரின் விடைத்தாளில் போட்டிருந்தது. முன்னால் வந்த இருபத்திரண்டு பேரும் அச்சு அசலாக அதையே எழுதிக் கொடுத்துவிட்டுப் பத்தே நிமிஷத்தில் நடையைக் கட்டியிருந்தார்கள். மனிதருக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது.

"முள்ளு புள்ளி நாலுலதான் சார் நிக்குது. ஆறைப் புள்ளி நாலால வகுத்தா பதினஞ்சு. வாட்டு ரெண்டு புள்ளி நாலு. கணக்கு சரிதானே?"

"கணக்கு சரி. முள்ளுதான் தப்பு. இன்னொரு தடவை பாருங்க."

பார்த்தாள். புள்ளி நாலு.

"லைசென்ஸ் இப்ப கொழுந்தனார் பேர்ல இருக்கு சார்," என்றாள், தன்பாட்டில் பேசுவது போல. "வேலை பூரா நான் செய்றேன். வாயைத் திறந்தா, ‘பிடிக்கலைன்னா போங்க அண்ணி, கடை என்னுது’ங்கறார். இது கிடைச்சா என் பேர்ல ஒரு போர்டு மாட்டிடுவேன்."

தேர்வாளருக்கு இரக்கம் பிறந்துவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"நகருங்க, எங்கயாவது லூஸா இருக்கும்," என்று குறடை எடுத்துப் பெட்டியின் திருகை முறுக்கினார். முறுக்கின முறுக்கில் திருகின் தலை கையோடு வந்துவிட்டது. அவள் கைப்பையிலிருந்து ஒரு துண்டு செம்புக் கம்பியை எடுத்து, மொட்டைத் திருகில் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கினாள்.

"பழக்கம் சார்."

முள் எழுந்து, மறுபடியும் புள்ளி நாலில் உட்கார்ந்தது.

"அப்ப மீட்டர்தான் கெட்டுப்போச்சு!" தேர்வுச் சாமான் வைக்கிற ஸ்டோருக்கு ஓடி இரண்டு புது மீட்டர் வாங்கி வந்தார். அவசரத்தில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றி மாட்டினார். முதல் புது மீட்டரின் முள் பின்பக்கம் போய் முட்டி வளைந்தது.

"நான் மாட்டட்டுமா சார்?"

"சும்மா இருங்கம்மா! இருபது வருஷமா இதைத்தானே செய்றேன்?"

இரண்டாவதை மாட்டும்போது பெட்டியை இணைக்கவே மறந்து, பேட்டரிக்கு நேராகக் கொடுத்துவிட்டார். புஸ்ஸென்று புகை கிளம்பியது. ஜன்னலைத் திறந்துவிட்டு அவள் ஓடிவந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே சார்?"

தேர்வு எழுத வந்தவள் தேர்வாளரை நலம் விசாரிக்கிறாள். எங்கே போய்ச் சொல்வது! பழைய மீட்டரையே மாட்டினார்கள். அது பாட்டுக்குப் புள்ளி நாலு காட்டியது.

தேர்வாளர் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்கம்மா, பேசாம பத்துன்னு எழுதிக் குடுத்துடுங்க. நான் கண்டுக்கல. ஒரு வருஷம் வீணாப் போகாது."

அவள் பேனாவைத் திறந்தாள். பிறகு பேனாவை மூடிவிட்டாள்.

"முள்ளு காட்டாததை எப்படி சார் எழுதறது? எழுதிப் பழகிட்டா, நாளைக்கு யார் வீட்லயாவது வயர் பத்திக்குமே."

இவ்வளவு இறங்கி வந்தும் இப்படியா என்று அவருக்குச் சுருக்கென்றது. "உங்க இஷ்டம்!" என்று அவள் பெயருக்கு நேரே ‘தேர்ச்சி இல்லை’ என்று எழுதி, கவரை ஒட்டி, அரக்கு முத்திரையும் வைத்து, வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த அலுவலக வண்டியில் கொடுத்தனுப்பிவிட்டார்.

அவள் கம்பிகளை அழகாகச் சுருட்டி மேஜைமேல் வைத்தாள். "அடுத்த வருஷம் வரேன் சார்."

ஜன்னல் வழியே பார்த்தார். வாசலில் ஸ்கூட்டரில் ஒருவன் காத்திருந்தான்; அந்தக் கொழுந்தனாகத்தான் இருக்க வேண்டும். என்ன ஆச்சு என்று கேட்டிருப்பான் போலிருக்கிறது. அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் பின்சீட்டைத் தட்டிக் காட்டினான். அவள் ஏறி உட்கார்ந்தாள்.

கோபம் போன இடம் தெரியவில்லை. ச்சே, என்ன காரியம் பண்ணிவிட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நாமே பத்து என்று திருத்திப் போட்டிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? இருபத்திரண்டு பேருக்குச் சரியாக வந்தது, கெட்ட வேளை, இவள் முறையில் சாமான் கெட்டுத் தொலைத்தது. ஓடிப்போய் வண்டியை மறிக்கலாமா என்றுகூடத் தோன்றியது. வண்டி இதற்குள் மெயின் ரோடு தாண்டியிருக்கும்.

பெட்டியையும் மீட்டர்களையும் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். ஸ்டோர்க்கார அம்மா கருகினதை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"ரெண்டு மீட்டரு போச்சா சார்?"

"மீட்டர் கிடக்கட்டும்மா. இந்தப் பத்து ஓம் பெட்டியில என்னமோ கோளாறு. பாவம், இதால ஒரு நல்ல பொம்பளையோட பிழைப்பு ஒரு வருஷம் தள்ளிப்போச்சு. அடுத்த தடவையாவது சரி பண்ணி வைங்க."

அவள் பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"பத்து ஓம் பெட்டி உடைஞ்சு மூணு வருஷமாச்சு சார். அன்னிலேருந்து இந்தப் பதினஞ்சு ஓம் பெட்டியைத்தான் வைக்கிறேன். இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து கேட்டதில்லையே!"