துரையின் தொப்பிக்கு நான் வைத்த ஓட்டை

வேலை தெரியாத கை எதையும் கெடுக்காது. பாதி தெரிந்த கைதான் கெடுக்கும். நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தையலும் பாதிதான் கற்றேன். (மீதியையும் கற்றிருந்தால் இன்னும் என்னென்ன வெட்டியிருப்பேனோ!)

ஐம்பதுகளில், எனக்குக் கல்யாணமான புதிது. திருவள்ளூருக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனித் துரையின் பங்களாவில் என் வீட்டுக்காரர் சமையல்காரர். நாங்கள் குடியிருந்ததும் அதன் பின்கட்டில்தான். வேலை போனால் வீடும் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துரைக்கு விருந்தாளிகள். டீ ஆறாமலிருக்க, கெட்டில்மேல் பஞ்சு வைத்துத் தைத்த உறை ஒன்று போடுவார்கள். அதைக் காலையில்தான் துவைத்திருந்தேன், காயவில்லை. வேறு உறை எங்கே என்று கேட்க வெட்கம். ஹால் அலமாரியில் பார்த்தால், நீல வெல்வெட்டில், பொன் குஞ்சத்தோடு, அதே அளவில் ஒன்று! விருந்துக்கென்று வைத்திருக்கிறார்கள் போல. ஒரே குறை, கெட்டிலின் மூக்குக்கும் கைப்பிடிக்கும் வழியில்லை. இரண்டு பக்கமும் கத்தரித்து, ஓரம் மடித்துத் தைத்து, பெருமையாகக் கொண்டுபோய் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் என்னைக் கதவுக்குப் பின்னால் இழுத்தார்.

"அடிப்பாவி, இன்னாடி பண்ணிக்கிற? அது துரையோட தொப்பிடி!"

"தொப்பியா? அவரு போட்டு நான் பாத்ததே இல்லியே!"

"போடறதுக்கு இல்லடி அது. ரக்பின்னு ஒரு ஆட்டம். முட்டை மாரி பந்தைக் கக்கத்துல இடுக்கினு ஓடுவாங்க. அவங்க தேசத்துக்கோசரம் ஆடுனவங்களுக்குக் குடுக்கற தொப்பி. ஒரே ஒரு ஆட்டம் ஆடுனாராம். அதுலயே முட்டி ஒடஞ்சி பூட்ச்சாம். அவருக்கு மிச்சம் இருந்ததே அதாண்டி!"

துரை நொண்டியபடி எழுந்து, ஆவி பறக்கும் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். ஆட்டத்தில் நசுங்கிய அவர் காது, நான் வெட்டிய ஓட்டை வழியாக எட்டிப்பார்த்தது. விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின் தொப்பியை மடியில் வைத்து, அந்த வெட்டை விரலால் தடவிக்கொண்டேயிருந்தார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் கூப்பிட்டனுப்பினார். மூட்டை கட்டச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"பயம் வேணாம்," என்றார் அவருடைய அரைகுறைத் தமிழில். "மூடித் தை."

வீட்டில் நீல நூல் இல்லை. கறுப்பு நூலால் தைத்தேன். பின்னாளில் அந்தத் தையலோடுதான் தொப்பியை எடுத்துக்கொண்டு அவர் ஊர் திரும்பினார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இப்போதும் நான் கத்தரிக்கோலை எடுத்தால் போதும், மருமகள் சமையலறையிலிருந்தே, "அத்தே, அது யாருதுன்னு கேட்டியா?" என்று குரல் கொடுப்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால், என் சொந்தப் புடவையாகவே இருந்தாலும், ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் வெட்டுகிறேன்.