சர்க்கரை ஆலைக்காக வந்த முதுகுவலி

இந்த ஆகஸ்ட் விடுமுறைக்குள் துருக்கியைத் தொழில்நாடாக்கிவிடுவது என்று ஹல்தூன் தீர்மானித்தான். அவன் மந்திரி இல்லை. எஸ்கிஷெஹிர் நகராட்சியில் தண்ணீர் இணைப்புப் பிரிவில் குமாஸ்தா. அவன் ஆண்ட நாடு வீட்டுக் கணினியில் இருந்தது.

அது ஒரு போர்த்தந்திர விளையாட்டு. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே ஏதாவது ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு ஆளலாம். விளையாட்டைச் செய்தவர்கள் துருக்கியின் தலையில் சில ஆயுதத் தொழிற்சாலைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கை கழுவியிருந்தார்கள். எஸ்கிஷெஹிரின் சர்க்கரை ஆலை எங்கே? கைசேரியின் துணி ஆலை எங்கே? இஸ்மித்தின் காகித ஆலை எங்கே? ஹல்தூனுக்கு இது குடும்ப அவமானமாகவே பட்டது.

இந்த மாதிரி விளையாட்டை விஷயம் தெரிந்தவர்கள் உள்ளே புகுந்து திருத்தி, மற்றவர்கள் விளையாடுவதற்கு வெளியிடலாம். அதற்கு ‘மாட்’ என்று பெயர். இரண்டு வருஷமாக அந்த மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு சொட்டுப் பால் கறந்தபாடில்லை.

அவன் மனைவி பெரிஹான் மருந்துக்கடை வைத்திருந்தாள். அதிகம் பேசமாட்டாள். கேள்விதான் கேட்பாள்.

“லீவுக்கு ஐவாலிக் போறோம்தானே? அக்கா எதிர்பார்த்துக்கிட்டு இருக்கா.”

அவள் அக்கா நிகாருக்கு அங்கே கடலோரத்தில் வீடு. போனால் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் கைசேரியில் நெசவே ஆரம்பித்துவிடலாம். ஹல்தூன் இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

“முதுகு பிடிச்சுக்கிச்சு. டாக்டர்கிட்ட காட்டினேன். உட்காரவே கூடாதுங்கறார். பஸ்ல அவ்வளவு தூரம் எப்படி வர்றது?”

“எந்த டாக்டர்?”

“ஆஸ்பத்திரியில... புதுசா ஒருத்தர்.”

“என்ன மருந்து எழுதினார்?”

“மருந்தே வேண்டாம், ஓய்வு போதும்னுட்டார்.”

ஒரு மருந்துக்கடைக்காரியிடம் சொல்ல இதைவிட மட்டமான பொய்யைத் தேடினாலும் கிடைக்காது. பெரிஹான் அவன் பின்னால் வந்து நின்றாள்.

“இங்க வலிக்குதா?”

“ஆமா.”

“இங்க?”

“அங்கயும்தான்.”

“இங்க?” தோளை அமுக்கினாள்.

“அங்கதான் உயிர் போகுது.”

“பாவம்,” என்றாள். 

அவள் ஊருக்குக் கிளம்பிய காலையில் அவனை முத்தமிட்டாள். வாசலில் விடைகொடுத்துவிட்டு அவன் துள்ளிக் குதித்து அறைக்குள் ஓடினான். கணினி இருந்தது. முன்னால் நாற்காலி இல்லை. சாப்பாட்டு மேஜையைச் சுற்றியும் நாற்காலி இல்லை. போன் செய்தான்.

“உட்காரக் கூடாதுன்னாருல்ல?” என்றாள் பஸ்ஸிலிருந்து. “கண்ணுல பட்டா உனக்கு ஆசை வரும். நீ தூங்கறப்பவே உன் நாற்காலியைக் கடையில வெச்சுப் பூட்டிட்டேன். மத்ததை ரஸிம் அண்ணன் வீட்டு சுன்னத்து விருந்துக்குக் குடுத்துட்டேன்.”

சோபாவில் உட்கார்ந்தால் மேஜைக்கு மூக்குதான் எட்டியது. கடைசியில் இஸ்திரிப் பலகையை நிமிர்த்தி, அதன்மேல் கணினியை ஏற்றி, நின்றபடியே தொழிற்புரட்சியைத் தொடர்ந்தான். அதற்கும் இடைஞ்சல். பக்கத்து வீட்டு ரஸிம் அண்ணன், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், ஒத்தடம் கொடுக்கச் சூடான உப்பு மூட்டையோடு தினமும் வந்துவிடுவார்.

“ஏன்டா நிக்கிற? குப்புறப் படு.”

“இப்ப பரவாயில்லண்ணே.”

“பெரிஹான் என்னை நம்பிச் சொல்லிட்டுப் போயிருக்கா. படு.”

முதல் நாள் நன்றாக இருந்த முதுகு, வார முடிவில் நின்று நின்று நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது.

ஆனாலும் மாட் முடிந்தது. ஆலைகளெல்லாம் அதனதன் ஊரில், அதனதன் வருஷத்தில். வெளியிட்டுவிட்டு, உலகம் திரண்டு வந்து பாராட்டக் காத்திருந்தான். பூர்ஸாவிலிருந்து ஒரே ஒருவர் எழுதினார்: “எல்லாம் சரித்திரப்படி கச்சிதம். சர்க்கரை ஆலை கட்டி முடியட்டும்னு காத்திருந்தேன். அதுக்குள்ள என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டா. போனேன். திரும்பி வரத் தோணல.”

ஹல்தூன் அதைப் பல தடவை படித்தான். பிறகு சமையலறைக்குப் போனான். அவனைச் சாப்பிடக் கூப்பிட யாருமில்லை. ரஸிம் அண்ணன் வைத்துவிட்டுப் போன பருப்பு சூப் ஆறி ஆடை கட்டியிருந்தது.

அப்போதுதான் நிகார் போன் செய்தாள்.

“முதுகு எப்படி இருக்கு தம்பி? நீ வராம போனதுல எனக்கு வருத்தம். இனிமே எங்க வரப்போறே?”

“அடுத்த வருஷம் வர்றேன் அக்கா.”

“அடுத்த வருஷம் வீடு யார் கையிலயோ. வித்தாச்சே. பெரிஹான் சொல்லலையா? வசந்தத்துலயே உன்கிட்ட சொன்னேன்னாளே.”

சொல்லியிருந்தாள். அறை வாசலில் நின்று வீட்டைப் பற்றி ஏதோ சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. ‘கொஞ்சம் இரு, ரயில் பாதை போட்டுக்கிட்டு இருக்கேன்’ என்று திரும்பாமலே பதில் சொன்னதும் வந்தது. அவள் கொஞ்சம் இருந்துவிட்டுப் போயிருப்பாள். எவ்வளவு நேரம் இருந்தாள் என்று அவனுக்குத் தெரியாது.

“சாயங்காலம் ஆனா தண்ணியில இறங்கி நின்னுக்கிட்டே இருக்கா,” என்றாள் நிகார். “நான் கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறா.”

மறுநாள் முதல் பஸ்ஸில் ஹல்தூன் ஏறினான். மடியில் அவளுக்குப் பிடித்த நுகா அல்வாப் பெட்டி. மன்னிப்பு கேட்க அழகான வாக்கியங்களைக் கோத்துக்கொண்டே போனான். வழியில் பாலிகெசிர் ஊரைத் தாண்டியபோது அதில் பாதி மறந்துபோயிற்று. மீதியும் ஐவாலிக்கில் இறங்கி, திரை கழற்றிய ஜன்னல்களைப் பார்த்தவுடன் போய்விட்டது.

பெரிஹான் படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணாடிக் குவளைகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“எப்படி வந்தே?”

“பஸ்ல.”

“நின்னுக்கிட்டா?”

ஹல்தூன் அல்வாப் பெட்டியைக் கீழே வைத்தான். “நான் பொய் சொன்னேன் பெரிஹான்.”

“தெரியும். நான் கை வெச்ச இடமெல்லாம் வலிக்குதுன்னப்பவே தெரியும்.”

“வீட்டை விக்கறதை நீ சொன்னே. நான்தான் காதுல வாங்கல. தப்பு என் பேர்லதான்.”

அவள் இன்னொரு குவளையைச் சுற்றினாள். கொஞ்சம் அதிகமாகவே சுற்றினாள்.

“இப்ப கடலுக்குப் போகலாமா?” என்றான். “ஒரே ஒரு தடவை.”

“நேத்தோட முடிஞ்சுது. நீச்சல் துணியெல்லாம் பெட்டியில போட்டு ஒட்டியாச்சு. லாரி வர்ற நேரம்.”

வீட்டின் பின்னாலிருந்து அலைச் சத்தம் கேட்டது. அவன் அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். அவள் பெட்டியைத் திறந்து ஒரு துண்டு அல்வாவை வாயில் போட்டுக்கொண்டு, ஒரு துண்டை அவனிடம் நீட்டினாள். 

“நல்லவேளை, உங்க அக்கா போன் பண்ணாங்க,” என்றான். “இல்லன்னா வீடு வித்தது கூட எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“நான்தான் பண்ணச் சொன்னேன்,” என்றாள் பெரிஹான், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபடி. “மாடியில இருக்கற பெரிய அலமாரியை இறக்க, முதுகு நல்லா இருக்கற ஆள் ஒருத்தன் வேணும்.”