கொரிடோர் விளக்கும் பதினாறாம் பிரிவும்

சுவிற்சர்லாந்தின் மின்நிறுவல் ஒழுங்குவிதி, பதினாறாம் பிரிவு: ஒருவர் தாம் குடியிருக்கும் அறைகளில் விளக்கையும் அதற்குரிய சுவிச்சையும் தாமே மாட்டுவதற்கு எந்த அனுமதிப் பத்திரமும் வேண்டியதில்லை. இதை நான் மூன்று முறை வாசித்திருந்தேன். வாசித்தும் ஒரு விளக்கை ஏழு மாதம் பெட்டிக்குள் வைத்திருந்தவன் நான்.

ஊரில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர். இங்கே காப்புறுதி நிறுவனமொன்றின் கோப்பறை. எம்மன்புரூக்கேயில் எந்தத் தமிழருக்குப் படிவம் வந்தாலும் அது என் சாப்பாட்டு மேசைக்குத்தான் வரும். (என் மனைவி ராணி அந்த மேசையில் சாப்பிட்டுப் பல வருடங்கள்.)

ஓய்வு பெற்றதும் சின்ன வாடகை வீடொன்றுக்கு மாறினோம். இந்த நாட்டில் முன்பு இருந்தவர்கள் விளக்குகளைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கூரையில் வயர் மட்டும் தொங்கும். பால் காய்ச்சிய அன்று ஓல்டனிலிருந்து எங்கள் ஊர்த் துரை அண்ணை கொரிடோருக்கென்று ஒரு கண்ணாடி விளக்கோடு வந்தார். ஊரில் பத்திரம் பெற்ற, பேர்போன வயர்மன். அந்தப் பத்திரம் இங்கே செல்லாததால் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் முப்பது வருடம் சட்டி கழுவினார். அன்று சட்டைப் பையில் கரண்ட் பார்க்கும் ரெஸ்ரர் குத்தியிருந்தார். விருந்தினர் பார்த்திருக்க ஏணியில் ஏறினார்.

"அண்ணை, கொஞ்சம் இறங்குங்கோ."

"ஏன், ஏணி ஆடுதோ?"

"ஏணி ஆடேல்லை. உங்களிட்ட இங்கத்தைய பத்திரம் இல்லையெல்லோ. நான் மாட்டலாம், நீங்கள் மாட்டேலாது."

அவர் மேலே நின்றபடியே சொன்னார்: "முப்பது வருசமா இந்த நாட்டில ஒரு வயர் தொடேல்லை, தம்பி. இது ஒரு லைற்."

"சட்டம் அப்பிடி."

இறங்கினார். "சரி. அப்ப நீர் ஏறும். நான் கதிரையில இருந்து சொல்லித்தாறன்."

ஏறியிருக்கலாம். ஆனால் பதினாறாம் பிரிவில், பக்கத்தில் இருந்து சொல்லித்தருபவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சொல்லாததெல்லாம் தடை என்பது என் உத்தியோக வாழ்வின் சாரம். "எழுதிக் கேட்பம், அண்ணை," என்றேன்.

"பதில் வாறதுக்குள்ள எனக்குக் கண் தெரியாமல் போயிடும். பிறகு லைற் என்னத்துக்கு?" என்றாள் ராணி. எல்லோரும் சிரித்தார்கள். துரை அண்ணையும் சிரித்தபடி ரெஸ்ரரைப் பையிலிருந்து எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டார்.

மின்சார ஆய்வு அலுவலகத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். இணைப்புகள் மூன்று: கொரிடோரின் வரைபடம், விளக்குப் பெட்டியில் இருந்த விளக்கத் துண்டு, துரை அண்ணையின் வயர்மன் பத்திரம். பிரதி போதும் என்றுதான் கேட்டிருந்தேன். அவர் மூலப் பத்திரத்தையே பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரயிலேறிக் கொண்டுவந்து தந்தார். அதை நான் ஜேர்மனில் மொழிபெயர்த்தபோது பக்கத்தில் இருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டார்.

பிறகு ஞாயிறுதோறும் தொலைபேசி.

"பதில் வந்ததோ, தம்பி?"

"பரிசீலனையில இருக்காம்."

"நல்லா வடிவாப் பாக்கட்டும். என்ர பத்திரத்தையும் பாப்பினம்தானே?"

"ஓம் அண்ணை, பாப்பினம்."

கடிதம் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனது. நாங்கள் இருட்டில் சப்பாத்துத் தட்டில் இடித்துக்கொண்டு திரிந்தோம். ஒரு ஞாயிறு தொலைபேசி வரவில்லை. திங்கட்கிழமை அவருடைய மகன் எடுத்தான். மாரடைப்பு.

இப்போது விளக்கு எரிகிறது. மெயின் சுவிச்சை மூன்று தரம் சரிபார்த்துவிட்டு நானே மாட்டினேன். ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. சொல்லித்தர ஆள் இல்லை. நான் தேத்தண்ணி போட எழும்பினால்கூட என் மகள், "அப்பா, எழுதிக் கேட்டாச்சோ?" என்கிறாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், சிரித்துக்கொண்டே கொரிடோர்ப் பக்கம் போய்விடுவேன்.

பதில் இரண்டே வரி. விளக்கை நீங்களே மாட்டலாம். பக்கத்தில் இருந்து சொல்லித்தருபவருக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. பத்திரத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள், அதே பிளாஸ்டிக் உறையில். அந்தியேட்டிக் கிரியைக்காக ஓல்டன் ரயிலுக்குப் புறப்படும்போது தபால்பெட்டியில் கிடந்தது. துரை அண்ணை போய் அன்று முப்பத்தோராம் நாள்.